ஏழு பேர், ஏழு தட்டு, ஒரே வாணலி

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு சைனீஸ் கடைக்குக் குடும்பத்தோடு ஏழு பேர் போயிருந்தோம். ஏழு பேரும் ஏழு விதமாகச் சொன்னோம். முதல் தட்டு வந்தபோது மணி எட்டே கால். ஏழாவது வந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. என் மகன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். அத்தை அப்போதுதான் முதல் கரண்டியை எடுத்தார். சித்தப்பா சப்ளையரைப் பிடித்துச் சத்தம் போட்டார். உண்மையில் தவறு எங்களுடையது.

புரோட்டாக் கடைப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருகிறோம். அங்கே ஒரே கல்லில் இருபது புரோட்டா வேகும், சால்னா அண்டாவில் தயாராக இருக்கும். சைனீஸ் சமையல் வேறு கணக்கு. கை கழுவப் போகும் வழியில் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு இரைகிற இரைச்சலில் பேச்சுக் கேட்காது. மாஸ்டர் எண்ணெயை ஊற்றி, புகை கிளம்பியதும் பூண்டைப் போட்டு, சோற்றைத் தட்டி, வாணலியை மூன்று முறை தூக்கிப் போட்டு இறக்கினார். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு தட்டு. பிறகு தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடியும் சூடேற்ற வேண்டும். ஏழு தட்டுக்கு ஏழு முறை. எங்களுக்கு முன்னால் சொன்னவர்களும் இருந்தார்கள்.

ஆகவே ஆளுக்கொரு தட்டு வேண்டாம். ஏழு பேருக்கு ஒரு சாதம், ஒரு நூடுல்ஸ், தொட்டுக்கொள்ள இரண்டு. எல்லாம் மேசை நடுவில். தீர்ந்தால் மறுபடி சொல்லலாம். அதற்காக ‘ஐந்து ஃபிரைட் ரைஸையும் ஒன்றாகப் போட்டுவிடுங்கள்’ என்று அவசரப்படுத்துவதும் கூடாது. வாணலி நிறைந்தால் சூடு இறங்கிவிடும், ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். பிறகு அது வறுத்த சாதமாக இருக்காது, நனைந்த சாதமாக இருக்கும். மஞ்சூரியன் கிரேவியைச் சால்னா போல ஊற்றிப் பிசைவதை மட்டும் தவறென்று சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

பார்சல் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு முறை திருநெல்வேலிச் சந்திப்பில் கோபி மஞ்சூரியன் கட்டி வாங்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன். வீட்டில் பிரித்தபோது மேல்மாவு கழன்று குழம்பாகியிருந்தது. மூடிய டப்பாவுக்குள் ஆவி வெளியேற வழியில்லை. சோள மாவு அந்த ஈரத்தைக் குடித்துவிடுகிறது. அல்வாவைச் சூட்டோடு இலையில் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்னும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பொரித்ததைத் தனியாக, சாஸைத் தனியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள்.

‘சீனாவில் இப்படியா செய்வார்கள்?’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மஞ்சூரியன் பிறந்தது இந்தியாவில். கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரரான நெல்சன் வாங், 1975-இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது.

அஜினமோட்டோவைக் கண்டு நடுங்குவதும் பொதுவான தவறு. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட் என்ற சுவைப்பொருளின் உப்பு அது. தக்காளியிலும் குளூட்டமேட் உண்டு. சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. ‘அஜினமோட்டோ போடாதீர்கள்’ என்று கறாராகச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருக்கும் சோயா சாஸைக் கவிழ்ப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியது அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான்.

பயப்பட இன்னொன்றும் உண்டு: நிறம். தட்டு குங்குமமாகச் சிவந்திருந்தால் நல்ல காரம் என்று நினைக்கிறோம். மிளகாய் அப்படிச் சிவக்காது. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதற்குக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடையே போட்டது. ‘கலர் போடாமல் கொடுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மறுவீட்டுக்குச் சொதி வைக்கும் சைவ வீட்டார், ‘வெஜ்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. முட்டை ஆகாதென்றால் நூடுல்ஸில் முட்டை சேர்ந்திருக்கிறதா, சூப்புக்குக் கோழி வேகவைத்த தண்ணீரா, வாணலி ஒன்றா இரண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆய்ஸ்டர் சாஸ் என்பது சிப்பியிலிருந்து வருவது. நான் கேட்டபோது ஒரு சப்ளையர் ஒளிக்காமல் சொன்னார்: “அண்ணாச்சி, கரண்டி ஒன்றுதான்.”

மிச்சம்தான் மோசமான இடம். வேகும்போது சாகாத பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள், வெளியில் கிடக்கும் சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்ட பழையசோறு வேறு, எண்ணெயில் புரட்டிய சாதம் வேறு. அன்று மிஞ்சிய அரைத் தட்டு எக் ரைஸை அத்தை கட்டி வாங்கிவந்து, மேடைமேல் வைத்து மறந்துவிட்டார். காலையில், “சுடவைத்தால் சரியாகிவிடும், வீணாக்குவானேன்?” என்று அடுப்பைப் பற்றவைத்தவரிடமிருந்து வாங்கி நான்தான் குப்பையில் கொட்டினேன். அவருக்கு இன்னும் வருத்தம்.