பத்தாம் நாள் மோர் யார் கரைப்பது?

மாசி முடியும்போது எங்கள் சிட்லபாக்கம் தெருவில் இருக்கும் புங்கமரம் இலையை மொத்தமாகக் கொட்டிவிடும். பங்குனியில் பளபளவென்று துளிர்க்கும். அந்தப் பச்சையைப் பார்த்ததும் யாராவது ஒருவர், "இந்த வருஷமும் தண்ணீர்ப் பந்தல் போட்டுடலாமா?" என்று ஆரம்பிப்பார். ஆரம்பிக்கிறவர் மோர் கரைக்கிற ஆளாக இருக்கமாட்டார். கரைக்கிற ஆள் நான், நாலு வருஷமாக. உங்கள் தெருவிலும் போடும் எண்ணம் இருந்தால், படித்துவிட்டு இறங்குங்கள்.

பந்தல், தோரணமெல்லாம் அப்புறம். முதலில் ஆள் கணக்கு. முதல் வருஷம் திறப்பன்று பதினோரு பேர் வந்து செல்ஃபி எடுத்தார்கள். பத்தாம் நாள் பானை கழுவியது நானும் என் மருமகளும். மெயின் ரோட்டில் ரிப்பன் வெட்டுகிற பந்தல்களையும் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் தர்பூசணியும் வெள்ளரிக்காயும் தூள் பறக்கும். அடுத்த வாரம் காலிப் பானையும் பேனரும்தான் மிச்சம். அதனால் இப்போது எங்களிடம் கிழமைக் கணக்கு. திங்கள் இன்னார் வீடு, செவ்வாய் இன்னார் வீடு. ஏழு வீடு ஒத்துக்கொண்டால் மட்டும் போடுங்கள். ஆறு வீடுதான் என்றால் ஞாயிறு லீவு விடுங்கள், தப்பில்லை.

இடம் அடுத்தது. ரோட்டில் கொட்டகை போட்டால் மாநகராட்சி, போலீஸ் என்று அலைய வேண்டும். நாங்கள் ஒரு வீட்டு கேட்டுக்கு உள்பக்கம், புங்கமர நிழலில் பெஞ்சு போட்டு வைக்கிறோம். வெளியிலிருந்து கை எட்ட வேண்டும். ஏனென்றால் டெலிவரி பையன்கள் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள். ஒரு பையன் தினமும் வருவான். எஞ்சினை அணைக்காமல், ஹெல்மெட்டைப் பாதி தூக்கி, இரண்டு டம்ளர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, மூன்றாவதைப் பிடரியில் ஊற்றிக்கொள்வான். பெஞ்சு இரண்டடி உள்ளே தள்ளி இருந்த வருஷம் அவன் நிற்கவே இல்லை.

நேரம் எங்களுக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. பத்து மணிக்குத் திறப்போம். தெரு பெருக்கும் அம்மா ஆறரைக்கே வந்து போய்விடுவார். "எங்களுக்கெல்லாம் உங்க மோர் கிடைக்காதும்மா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சுருக்கென்றது. இப்போது இரவே பானையில் தண்ணீர் நிரப்பிவிடுகிறோம், மோர் மட்டும் பத்து மணிக்கு.

பானை வாங்கும்போது சென்னையில் குயவர்கள் இருக்கும் கொசப்பேட்டை வரை போக வேண்டியதில்லை, பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும். குழாய் வைத்த பானையே நல்லது, யார் கையும் உள்ளே போகாது. ஆனால் கடையிலேயே முழுக்கத் தண்ணீர் ஊற்றி, குழாயடியில் கசிகிறதா என்று பாருங்கள். வாங்கியதை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஈர மணல்மேல் உட்கார வையுங்கள். காற்றுப்படுகிற இடமாக இருக்கட்டும். கடற்காற்று ஈரத்தோடு அடிக்கிற மத்தியானங்களில் பானை அவ்வளவாகக் குளிராது. அதற்காக ஐஸைத் தூக்கி உள்ளே போடாதீர்கள். மீன் பெட்டிக்கு வருகிற பார் ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்வதில்லை. அகலமான டப்பில் ஐஸ் போட்டு, அதற்குள் மோர்த் தவலையை இறக்குங்கள்.

மோர்க் கணக்கு: ஐந்து லிட்டர் தயிருக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீர். இருநூறு மில்லி டம்ளரில் நூற்றைம்பது பேருக்கு வரும். ஐந்து வீடு ஆளுக்கொரு லிட்டர் உறை ஊற்றலாம் என்று ஒரு வருஷம் செய்தோம். ஒரு வீட்டுத் தயிர் புளித்துப்போய், அத்தனையும் பாழ். இப்போது ஒவ்வொரு வீட்டுத் தயிரையும் ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன், யார் கோபித்தாலும் சரி. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை நசுக்கித் துணியில் கட்டி மூழ்கவிடுங்கள். அரைத்துக் கலந்தால் குழந்தைகள் குடிக்கமாட்டார்கள். உப்பு, பெருங்காயம் ருசிக்கு. தாளிக்க வேண்டாம், கடுகு தொண்டையில் நிற்கும். மொத்தமாகவும் கரைக்காதீர்கள், பாதி பத்து மணிக்கு, பாதி பன்னிரண்டரைக்கு. தவலைக்கு மேல் மெல்லிய துணி கட்டாயம். சித்திரையில் புங்கம்பூ பொரி மாதிரி கொட்டும்.

பிளாஸ்டிக் கப்புக்கும் உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அதனால் எவர்சில்வர் டம்ளர்தான். இருபது வைத்தோம், மாதக் கடைசியில் பதினொன்று. சங்கிலி போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், தாகத்தோடு வருகிறவனைத் திருடன் மாதிரி பார்க்க முடியாது. கல்யாணத்தில் வந்த பேர் பொறித்த பழைய டம்ளர்களைப் போடுங்கள், அவ்வளவாகத் தொலைவதில்லை.

பங்குனி உத்திரத்தன்று பால்குடம் வெறுங்காலோடு வரும். அன்று குடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கெட் தண்ணீரைத் தார் ரோட்டில் ஊற்றிவிடுங்கள். நாய்களுக்கு ஓரமாக ஒரு சட்டி.

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் நாங்கள் கடையைக் கட்டிவிடுவோம். பானையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், மண்ணில் இருக்கும் நுண்துளைகள் அடைத்துப்போய்க் குளிராது. எங்கள் போன வருஷப் பானைகளில் மருமகள் கற்பூரவல்லி வைத்திருக்கிறாள்.