அயுத்தயாவில் ஹாஸ்டல் படுக்கை எடுத்துத் தங்குவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது அயுத்தயா. பெரும்பாலானோர் ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். டூர் வேன்கள் காலை பத்து மணி வாக்கில் வந்து, நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். ஊர் கொதிக்கிற நேரம் முழுக்க அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஊர் அழகாக இருக்கிற காலையிலும் மாலையிலும் வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ஹாஸ்டல் படுக்கைக்குச் செலவழிக்கிற சில நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) அந்தக் காலையையும் மாலையையும் உங்களுக்கு வாங்கிக் கொடுக்கும். இதுவரை டார்மில், அதாவது பலர் ஆளுக்கொரு படுக்கை எடுத்துத் தங்கும் பொது அறையில், தங்கியே பழக்கமில்லாதவர்களுக்காக, புக்கிங்கிலிருந்து கிளம்புவதுவரை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

சாவோ பிரயா, பா சாக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் சுற்றி ஓட, நடுவில் தீவு போல இருப்பதுதான் பழைய ஊர். 1350இல் தலைநகராக எழுந்து, 400 ஆண்டுகளுக்கு மேல் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) அரசின் இருப்பிடமாக இருந்தது. 1767இல் பர்மியப் படை இதை எரித்துத் தரைமட்டமாக்கியது. மிச்சமிருந்த செங்கல் கோபுரங்களும் தலையில்லாத புத்தர் சிலைகளும் சேர்ந்து 1991இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆயின.

தங்குவதற்கு இடம் தேடும்போது இந்த அமைப்பு முக்கியம். ரயில் நிலையம் தீவுக்கு வெளியே, பா சாக் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. முக்கியமான இடிபாடுகள் தீவுக்குள் இருக்கின்றன. ஹாஸ்டல்களும் கெஸ்ட் ஹவுஸ்களும் அதிகமாக இருப்பது தீவின் கிழக்குப் பக்கம், சாவ் பிரோம் சந்தையையும் நரேசுவான் சாலையையும் ஒட்டி. அங்கே தங்கினால் சந்தை, பாங்காக் மினிவேன், வாட் மஹாதாட் கோயில் மூன்றுக்கும் நடந்தே போகலாம். ரயில் நிலையத்துப் பக்கம் வாடகை கொஞ்சம் குறையலாம். ஆனால் மாலையில் ஒவ்வொரு தடவையும் ஆற்றைத் தாண்ட வேண்டியிருக்கும். நான் தீவுக்குள்தான் எடுப்பேன்.

2. எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரிவரை வெயில் தாங்கும்படி இருக்கும். ஏப்ரலில் சைக்கிள் மிதிப்பதெல்லாம் நடக்காத காரியம். செப்டம்பர், அக்டோபரில் ஆறு ஏறும்; 2011 பெருவெள்ளத்தில் இங்குள்ள கோயில்கள் பல தண்ணீரில் நின்றன.

3. ஹாஸ்டலைத் தேர்ந்தெடுப்பது

புக்கிங் தளத்தில் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டார்ம் படுக்கை ஒன்று சாதாரணமாக 250 முதல் 450 பாட்டுக்குள் கிடைக்கும். ஒரு பாட்டை மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பட்ஜெட் கையைக் கடிக்காது. சில தளங்கள் வரி சேர்க்காத விலையைத்தான் முதலில் காட்டும். பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

விலைக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஏசி. ஃபேன் மட்டும் உள்ள அறை மலிவு. ஆனால் ஆற்றங்கரை ஊரின் புழுக்கத்தில் எட்டுப் பேரோடு தூங்குவதற்கு 80 பாட் மிச்சம் போதுமா என்று யோசியுங்கள். சில இடங்களில் ஏசி இரவில் மட்டும்தான் ஓடும். அது விவரப் பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

மிக்ஸ்டு டார்ம் என்று போட்டிருந்தால் ஆண்களும் பெண்களும் ஒரே அறையில். இது தெரியாமல் புக் செய்துவிட்டு வாசலில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. பெண்களுக்கு மட்டுமான டார்ம் பல இடங்களில் இருக்கிறது, சீக்கிரம் தீர்ந்துவிடும். சின்னக் குழந்தைகளை டார்மில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பேராகப் போனால், இரண்டு டார்ம் படுக்கைகளின் விலைக்கு அதே ஊரில் கெஸ்ட் ஹவுஸ் தனி அறையே கிடைத்துவிடலாம், அதையும் பாருங்கள்.

ரிவ்யூ படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை விட, கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். மூட்டைப்பூச்சி என்று ஒருவர் எழுதியிருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். "காலையில் சேவல் கூவுகிறது" என்பது போன்ற புகார்களைப் பொருட்படுத்த வேண்டாம். படத்தில் படுக்கைக்குத் திரை இருக்கிறதா, தலைமாட்டில் விளக்கும் பிளக் பாயின்ட்டும் இருக்கின்றனவா, லாக்கர் பை போகும் அளவுக்குப் பெரிதா என்று பாருங்கள். திரை இருந்தால் டார்ம் வாழ்க்கையில் பாதிச் சங்கடம் போய்விடும்.

4. கிளம்பும் முன் காகிதங்கள்

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகிற வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். இது இலவசம். கட்டணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள், அதனால் ஹாஸ்டல் புக்கிங்கை முதலில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தார்கள். இந்த விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

சின்னப் பூட்டு ஒன்று. லாக்கர் தருவார்கள், பூட்டு தர மாட்டார்கள், அல்லது வாடகைக்குத் தருவார்கள். ஒரு துண்டு, குளியலறைக்குப் போட்டுப்போக ரப்பர் செருப்பு, காதடைப்பான், கொசு மருந்து. நம் ஊர் இரட்டைக் குச்சி சார்ஜர் அங்கே பெரும்பாலும் அப்படியே பொருந்தும், மூன்று குச்சி பிளக்குக்குத்தான் அடாப்டர் வேண்டும். முட்டியையும் தோளையும் மூடுகிற உடை ஒரு செட் அவசியம், கோயில்களுக்குத் தேவைப்படும். இ-சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

6. போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து ஏர்ஏசியாவில் போகிறவர்கள் பெரும்பாலும் டான் மியாங் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அயுத்தயா ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. விமான நிலையத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, நடைபாலம் வழியாகப் போய்விடலாம். பாங்காக் நகருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்ட வேண்டிய தேவையே இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை.

பாங்காக்கிலிருந்தே வருவதானால் சாதாரண ரயில்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்பும். தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து குருங் தெப் அபிவாட் என்ற புது நிலையத்துக்கு மாறிவிட்டன. சாதாரண ரயிலின் மூன்றாம் வகுப்புக் கட்டணம் 20 பாட் அளவில்தான். ஃபேன், திறந்த ஜன்னல், கூடையோடு ஏறி இறங்கும் வியாபாரிகள் என்று போகும். சுமார் இரண்டு மணி நேரம். ஏசி பெட்டிக்குப் பல மடங்கு கொடுக்கும் அளவுக்கு இது நீண்ட பயணம் இல்லை. மாலை 6 மணிக்கு நிலையத்தில் இருந்தால் தேசிய கீதம் ஒலிக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். காலை 8 மணிக்கும் இதே வழக்கம்.

அயுத்தயாவில் இறங்கியதும் டுக்-டுக் என்கிற ஆட்டோக்களின் ஓட்டுநர்கள் சூழ்வார்கள். மூக்கு உருண்டையாக, தவளைத் தலை மாதிரி இருக்கும் இந்த வண்டிகள் இந்த ஊரின் அடையாளம். பகலாக இருந்து பையும் சிறிதாக இருந்தால், நிலையத்துக்கு எதிரே நேராக நடந்து ஆற்றங்கரைக்குப் போங்கள். சில பாட் கொடுத்தால் படகில் அக்கரை. ஏறி நடந்தால் சந்தைப் பகுதி வந்துவிடும். இருட்டிய பிறகு வந்தால் டுக்-டுக்கே சரி, ஏறும் முன் பேரம் பேசிவிடுங்கள்.

7. செக் இன்

வாசலில் செருப்பு வரிசையாகக் கிடக்கும், அங்கேயே கழற்றிவிடுங்கள். ரிசப்ஷனில் பாஸ்போர்ட் கேட்டுப் பிரதி எடுப்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் மீதுள்ள சட்டக் கடமை, அதனால் தயங்காமல் காட்டலாம். காட்டியதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாவிக்கு நூறு இருநூறு பாட் டெபாசிட் கேட்டால், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அறைகள் வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் தயாராகும். முன்னாடியே வந்துவிட்டால் பையை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் இந்த நேரத்தில் சிரித்த முகத்தோடு கேட்டுப் பாருங்கள், இருந்தால் தருவார்கள். அப்புறம் கேட்க வேண்டிய மூன்று: வைஃபை பாஸ்வேர்டு, இரவு கதவு பூட்டும் நேரம், குடிதண்ணீர் எங்கே. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தெருவில் காசு போட்டால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் இயந்திரங்கள் இருக்கும், லிட்டருக்கு ஒரு பாட் அளவில்தான்.

கழிவறை பற்றி ஒரு நல்ல செய்தி: கையில் பிடித்துப் பீய்ச்சும் தண்ணீர்க் குழாய் அநேகமாக எங்கும் இருக்கும். ஐரோப்பாவில் அவதிப்பட்டவர்களுக்கு அருமை தெரியும்.

8. டார்மில் முதல் இரவு

இந்த விதிகள் பெரும்பாலும் சுவரில் எழுதியிருக்காது, ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள். போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசாதீர்கள், வீட்டுக்கு வீடியோ கால் என்றால் வெளி ஹாலுக்குப் போய்விடுங்கள். அதிகாலையில் கிளம்புவதாக இருந்தால் இரவே பையைக் கட்டி வையுங்கள். காலை ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் கவர் சலசலப்பை விட டார்ம்காரர்கள் வெறுக்கிற ஒலி வேறில்லை. ஊறுகாய் பாட்டிலை அறைக்குள் திறக்காதீர்கள், ஏசி அறையில் அந்த வாசனை மறுநாளும் போகாது. டுரியன் பழத்துக்குப் பல இடங்களில் வெளிப்படையாகவே தடை.

பாஸ்போர்ட்டையும் பணத்தையும் லாக்கரில் பூட்டுங்கள். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ கட்டணம் பிடிப்பார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நஷ்டம். மொத்தமாக எடுத்து வைத்திருப்பீர்கள் என்பதால் பூட்டு இன்னும் அவசியம்.

9. சைக்கிளில் ஒரு நாள்

இதற்காகத்தான் தங்கினோம். ஹாஸ்டலிலோ பக்கத்துக் கடையிலோ நாளைக்கு 50 முதல் 100 பாட்டுக்குள் சைக்கிள் கிடைக்கும். பிரேக், செயின், பூட்டு மூன்றையும் சோதித்துவிட்டு எடுங்கள். டெபாசிட்டாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், பணமோ பிரதியோ போதும். ஊர் சமதளம், போக்குவரத்தும் நம்மைப் போல இடப்பக்கம்தான். ஸ்கூட்டர் எடுப்பதென்றால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைகொடுக்காது.

இடிபாடுகள் காலை 8 மணிக்குத் திறக்கும். ஏழரைக்கே மிதியுங்கள். முதலில் வாட் மஹாதாட். மர வேர்களுக்கு நடுவே புத்தர் தலை தெரியும் அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு மேல் அங்கே வரிசை நிற்கும், எட்டேகாலுக்கு நீங்களும் காவலரும்தான். படம் எடுக்கும்போது குனிந்தோ உட்கார்ந்தோ எடுக்க வேண்டும். அந்தத் தலைக்கு மேலே உங்கள் தலை இருக்கக் கூடாது. தலையில்லாத சிலைகளுக்குப் பின்னால் நின்று தன் தலையைப் பொருத்திப் படமெடுக்கும் வேடிக்கையெல்லாம் அங்கே பெரிய அவமரியாதை.

சாலையைத் தாண்டினால் வாட் ராச்சபூரணா. பட்டத்துக்காக இரண்டு அண்ணன்கள் யானை மேலேறிச் சண்டையிட்டு இருவருமே செத்தார்கள். மூன்றாவது தம்பி அரசனாகி, அவர்களை எரித்த இடத்தில் 1424இல் இந்தக் கோயிலைக் கட்டினான். உள்ளே செங்குத்தான படியிறங்கினால் மங்கிய ஓவியங்கள் உள்ள நிலவறை இருக்கிறது. 1957இல் திருடர்கள் புகுந்து அள்ளியது போக மிஞ்சிய தங்கம், சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாவ் சாம் பிரயா என்பது அந்த மூன்றாவது தம்பியின் பெயர்தான். நடுப்பகல் வெயிலை அங்கே ஏசியில் கழிப்பது நல்ல யோசனை.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் வாங்குவதை விட, பல இடங்களுக்குச் சேர்த்து விற்கும் டிக்கெட்டை முதல் கவுன்டரிலேயே கேளுங்கள். நான்கைந்து இடம் பார்ப்பவர்களுக்கு அது லாபம்.

மூன்று மணிக்கு மேல் வாட் பிரா சி சன்பெட்டின் மூன்று வெண்சாம்பல் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, மேற்கே ஆற்றைத் தாண்டி வாட் சைவத்தனாராமுக்குப் போங்கள். 1630இல் தொடங்கிய கோயில் இது. நடுக்கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். வாடகைக்கு எடுத்த பழங்காலப் பட்டு உடையில் தாய்லாந்துக் குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் கூட்டம் இருக்கும், ஆனால் டூர் வேன்கள் இருக்காது.

திரும்பும்போது கவனம். இருட்டிவிட்டால் தெருநாய்கள் சைக்கிளைத் துரத்தும். விளக்குள்ள பெரிய சாலையிலேயே வாருங்கள். அவை குரைத்தால் இறங்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடங்கள்.

10. சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை. சின்னக் கிண்ணத்தில் வரும் படகு நூடுல்ஸ், சுட்ட ஆற்று இறால் இரண்டும் இந்த ஊரில் பேர் போனவை. இறால் விலை எடையைப் பொறுத்தது, அடுப்பில் போடும் முன் விலை கேளுங்கள்.

சைவர்கள் "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு எதுவும் இல்லாத சாப்பாடு. மற்றக் கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். "மை சாய் நம் ப்லா" என்றால் மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். இனிப்புக்கு ரோட்டி சாய் மாய். மெல்லிய ரொட்டியில் பஞ்சு மிட்டாய் போன்ற சர்க்கரை நூலைச் சுருட்டித் தின்பது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் கைவண்ணம். மருத்துவமனைக்கு எதிரே உ தோங் சாலையில் வரிசையாகக் கடைகள்.

11. கிளம்பும் நாள்

செக் அவுட் 11 அல்லது 12 மணி. டெபாசிட்டை வாங்கிக்கொண்டு பையை ரிசப்ஷனில் விட்டுவிட்டால் மாலைவரை சுற்றலாம். கிளம்பும் முன் குளிக்க விடுவார்களா என்றும் கேளுங்கள், சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு. அடுத்து சியாங் மாய் போகிறவர்கள் பாங்காக்குக்குத் திரும்ப வேண்டாம், வடக்கே போகும் இரவு ரயில்கள் அயுத்தயாவிலேயே நிற்கும். படுக்கை வசதி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஊருக்கு வருவதற்கு முன்பே ரயில்வே தளத்தில் எடுத்துவிடுங்கள். புறப்படும் இடம் என்ற கட்டத்தில் பாங்காக்குக்குப் பதில் அயுத்தயா என்று போட்டால் போதும். இரவில் படகு ஓடாது என்பதால் நிலையத்துக்கு டுக்-டுக்கை ரிசப்ஷனில் சொல்லி வையுங்கள்.