வேலையை விடாமல் பட்டம் படிக்க: தொடங்குவோருக்கான வழிமுறை

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு தோட்ட அலுவலகத்திலோ செம்பனை எண்ணெய் ஆலையிலோ வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்கள், "இந்த வயதில் இனி எங்கே படிப்பது?" என்று கேட்பதைச் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் அடிக்கடி கேட்கிறேன். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவன் என்ற முறையில், நான் நடந்த வழியை இங்கே வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் வேலை, சேர விரும்பும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் பார்ப்பது. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிய பிறகே நான் பதிவேட்டைப் பார்த்தேன். படிப்பு அதில் இல்லை, பணமும் திரும்பவில்லை. வேலை செய்வோருக்கென்றே நடப்பவற்றில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பினாங்கிலுள்ள வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971 முதலே தொலைநிலைக் கல்வி நடத்திவருகிறது.

அடுத்தது நுழைவுத் தகுதி. ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம். இல்லாதவர்களுக்கு முன் அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் 'ஏப்பல்' (APEL) என்னும் வழி இருக்கிறது: 21 வயதைக் கடந்து, படிக்கப்போகும் துறையோடு தொடர்புடைய வேலை அனுபவம் உள்ளவர்கள், திறனறித் தேர்வு எழுதி, அனுபவக் கோப்பு ஒன்றையும் ஒப்படைத்து இளங்கலைக்குத் தகுதி பெறலாம்.

இந்தக் கோப்பில்தான் நம்மவர்கள் தங்களைக் குறைத்து எழுதிவிடுகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. "மண்டோராக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) இருந்தேன்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். காலையில் ஆள் கணக்கெடுத்துச் செக்ரோல் என்னும் வருகை-கூலிப் பதிவேட்டில் பதிந்தது, வெட்டிய குலைகளை எண்ணியது, காய்க்குலை வெட்டியவரிடம் கூலி ஏன் கழிக்கப்பட்டது என்று பொறுமையாக விளக்கியது, மாதக் கடைசியில் சம்பளக் கணக்கைச் சரிபார்த்தது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்; நிருவாகப் பாடம் நடத்துபவர் மேலாண்மை என்று சொல்வது இதைத்தான். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை அந்தந்தப் பத்திக்குப் பின்னால் இணையுங்கள்.

மூன்றாவதாக, நேரத்தைக் கணக்கிடுங்கள். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, சொந்த வாசிப்பு, தேர்வு எல்லாம் சேர்ந்து 40 மணி நேர உழைப்பு. இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும், அதாவது 4,800 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை 16 வாரங்களில் முடிக்க, வாரத்துக்கு ஏழரை மணி நேரம் தேவைப்படும். ஆகவே முதல் பருவத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். நான் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் போகுமுன் நடக்கும் ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் கூடும்வரை சமையலறை மேசையில் படித்தேன். மாலையில் படிக்க உட்கார்ந்த நாள்களில் பக்கம் நகரவே இல்லை.

கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். கடன் அந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்புக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு முடியும்வரை அங்கே யாருக்கும் விடுப்புக் கிடைப்பதில்லை.