ஏர்கோன் சூடாக ஊதுகிறதா? முதலில் கிளட்சைப் பாருங்கள்

பினாங்குப் பாலத்து மாலை நெரிசலில் நிற்கும்போது ஏர்கோன் திடீரென்று சூடாக ஊதும், மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது போல நன்றாகக் குளிரும். இப்படி இருந்தால் ஏர்கோன் கேஸை அழுத்தும் கம்ப்ரசரே போய்விட்டது என்று பயந்து செலவு செய்யாதீர்கள். என்னிடமும் முழுசாக மாற்றத்தான் சொன்னார்கள், கடைசியில் கோளாறு கிளட்சில்தான் இருந்தது. இது கியர் கிளட்ச் இல்லை, கம்ப்ரசரின் முன்னால் இருந்து, பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியோடு அதைக் காந்தத்தால் இணைக்கும் கிளட்ச்.

எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை ஏர்கோன் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 'டக்' என்று கிளட்சின் முன்தட்டு ஒட்டி, புல்லியோடு சுற்ற வேண்டும். பெல்ட் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள்.

ஒட்டவில்லையா? இணைப்பைக் கழற்றாமலே கிளட்ச் ஒயரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தும் தட்டு அசையவில்லை என்றால், எஞ்சினை அணைத்து, இணைப்பைக் கழற்றி, கிளட்சுக்குள் காந்தமாக வேலை செய்யும் கம்பிச்சுருளான காயிலின் மின்தடையை அளந்து பாருங்கள். பல வண்டிகளில் 3 முதல் 5 ஓம் வரை காட்டும், தொடர்பே இல்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. அளவு சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் ஒட்டவில்லை என்றால், தட்டு தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும், காயில் சூடாகும்போது மின்தடை கூடி காந்த இழுப்பும் குறைவதால் அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. என் வண்டியில் உள்ளே இருந்த மெல்லிய ஷிம் (இடைவெளியை அமைக்கும் வளையத் தகடு) ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

மின்சாரமே வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் கிளட்சுக்கு மின்சாரத்தை விடும் மின்சுவிட்சான ரிலேயைப் பாருங்கள். அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஏர்கோன் கேஸ் குறைந்தாலும் அதன் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்தும், அதை ஒயர் போட்டுத் தாண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள், எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரசர் இறுகிவிடும்.