வேதம் தேவனால் அருளப்பட்டது: சபையில் நான்கு வாரப் பாடமாக நடத்தும் முறை

பெரும்பாலான சபைகளில் தேவ ஏவுதல் பற்றிய பாடம் ஒரே வசனத்தோடு முடிந்துவிடுகிறது. வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது என்னும் 2 தீமோத்தேயு 3:16-ஐ எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஆமென் சொல்கிறார்கள், அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஆமென் சொன்ன வாலிபர், "மனுஷன் எழுதினதுதானே?" என்று கல்லூரி விடுதியில் யாராவது கேட்டால் திகைத்து நிற்கிறார். வேதம் தேவனிடமிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிக்கொடுத்து, அது எப்படி வந்தது என்று வேதமே சொல்வதைக் காட்டாமல் விட்டதன் விளைவு இது. மனுஷர் எழுதினார்கள் என்பதை வேதம் எங்கேயும் மறைக்கவில்லை. பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

வாரத்துக்கு ஒரு மணி நேரமாக நான்கு வாரம் வேண்டும். இருபது பேருக்கு மேல் வந்தால் இரண்டு வகுப்பாகப் பிரிப்பது நல்லது. கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெரிய கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்கள். சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு எல்லார் கையிலும் இருக்கட்டும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பை மேசைக்கு ஒன்றாவது வையுங்கள். இரண்டையும் ஒப்பிடாமல் இந்தப் பாடத்தின் பாதியை நடத்தவே முடியாது. வெற்றுத்தாளும் பென்சிலும் போதும், ப்ரொஜெக்டர் வேண்டாம். திரையைப் பார்க்கிறவர்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை.

முதல் வாரம்: சொற்களும் எழுதினவர்களும்

முதல் பதினைந்து நிமிடம் சொற்களுக்கு. வெளிப்பாடு என்றால் தேவன் தம்மை அறியச் செய்வது. ஏவுதல் என்றால் அது பிழைபடாமல் எழுத்தில் வரும்படி எழுதினவர்களை ஆவியானவர் நடத்தினது. எழுதினதை வாசிக்கிறவனுக்கு விளங்கச் செய்வது மூன்றாவது வேலை: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" (சங்கீதம் 119:18). இந்த மூன்றையும் கலந்துவிட்டால், "இன்று காலை ஆவியானவர் எனக்குச் சொன்னார்" என்பதும் ஏசாயாவின் புத்தகமும் ஒரே தட்டில் வைக்கப்படும். பல சபைகளில் நடக்கும் குழப்பம் இதுதான்.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களை இங்கேயே தீர்த்துவிடுங்கள். "அதிகாரம்" என்ற சொல் நமக்குப் புத்தகத்தின் பிரிவையும் குறிக்கும், ஆளும் உரிமையையும் குறிக்கும். "வேதத்தின் அதிகாரம்" என்று பலகையில் எழுதினால் எத்தனை அதிகாரம் என்று எண்ணத் தொடங்குகிறவர்கள் இருப்பார்கள். "நம் விசுவாசத்தின்மேலும் நடத்தையின்மேலும் வேதத்துக்குள்ள உரிமை" என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டால் போதும். அடுத்தது "வேதம்" என்ற சொல். இந்து மரபில், குறிப்பாக மீமாம்சை என்ற தத்துவப் பிரிவில், வேதம் அபௌருஷேயம், அதாவது யாரும் இயற்றாதது. இஸ்லாமிய நம்பிக்கையில் குர்ஆன் சொல்லுக்குச் சொல் இறக்கியருளப்பட்டது. இந்த ஊரில் வளர்ந்தவர் காதில் "வேதம்" என்ற சொல் விழுந்ததும் இந்த எண்ணங்களும் கூடவே வரும். கிறிஸ்தவர் சொல்வது வேறு: தேவனும் பேசினார், மனுஷனும் எழுதினான்; இரண்டும் முழுமையாக உண்மை. மற்றவர் நம்பிக்கையைக் குறைத்துப் பேசாமல் வித்தியாசத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

மீதி நேரம் குழுவேலை. நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதி கொடுங்கள்: யாத்திராகமம் 34:27, நீதிமொழிகள் 25:1, எரேமியா 36:1-4, லூக்கா 1:1-4, 1 கொரிந்தியர் 1:14-16. கேள்வி ஒன்றே: எழுதினவருக்கு விஷயம் எங்கிருந்து கிடைத்தது, அவர் தாமே என்ன செய்தார்? பத்து நிமிடம் போதும்.

விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதற்காகத்தான் இந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். மோசேக்கு "இந்த வார்த்தைகளை நீ எழுது" என்ற நேரடிக் கட்டளை. எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்னும் எழுத்தன் எழுதுகிறான். யூதாவின் ராஜா எசேக்கியாவின் மனுஷர் சாலொமோனின் பழைய நீதிமொழிகளைப் பேர்த்தெழுதுகிறார்கள். லூக்கா "ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து" எழுதுகிறார். அவர் கனவு கண்டதாகவோ குரல் கேட்டதாகவோ சொல்லவில்லை. பவுலோ, இன்னும் யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்தேனோ இல்லையோ "அறியேன்" என்று எழுதி வைக்கிறார். இந்தக் கடைசிப் பகுதியில் வகுப்பு சற்று அதிர்ந்து நிற்கும். விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள், அவர்களே யோசிக்கட்டும். ஏவுதல் என்பது பவுலை எழுதுகோலாக்கிவிடவில்லை. அவருடைய மறதிகூட அப்படியே பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் வாரம்: இரண்டு வசனங்கள், இரண்டு உருவகங்கள்

இந்த வாரந்தான் பாடத்தின் நடுத்தூண். 2 தீமோத்தேயு 3:14-17-ஐ இரண்டு மொழிபெயர்ப்பிலும் வாசிக்கச் சொல்லுங்கள். பழையதில் "தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது", திருவிவிலியத்தில் "கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது". இந்த வேறுபாடு ஏன் என்று வகுப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கிரேக்கத்தில் இருப்பது தெயோப்நியூஸ்டோஸ் என்ற ஒரே சொல். "தேவன்" என்பதும் "ஊது, மூச்சுவிடு" என்பதும் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டில் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. நேராகச் சொன்னால் "தேவன் மூச்சாய் விட்டது". கிரேக்கத்தில் மூச்சு, காற்று, ஆவி மூன்றும் ஒரே வேரைச் சேர்ந்தவை. பழைய மொழிபெயர்ப்பில் "ஆவி" என்ற சொல் வந்ததற்கு அந்த உறவே இடம் கொடுக்கிறது. "தூண்டுதல்" என்பது பொருளைச் சொல்கிறது, மூச்சு என்ற உருவகம் விடுபட்டுப்போகிறது.

இதிலிருந்து தெரியும் முக்கியமான ஒன்று: இந்த வசனம் எழுதினவர்களின் மனநிலையைப் பற்றிப் பேசவில்லை. எழுதப்பட்டதைப் பற்றிப் பேசுகிறது. கவிஞனுக்கு உந்துதல் வருவதுபோல பவுலுக்கு வந்தது என்று கற்பித்தால் வசனம் சொல்லாததைச் சொன்னதாகும். பேசும்போது வாயிலிருந்து மூச்சோடு சொல் வருகிறதே, அந்த நெருக்கத்தைத்தான் வசனம் காட்டுகிறது.

எழுதினவர்களைப் பற்றிப் பேசுவது 2 பேதுரு 1:20-21. "தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்." "ஏவப்பட்டு" என்ற இடத்தில் உள்ள கிரேக்க வினைக்குச் சுமந்துகொண்டு போகப்படுதல் என்று பொருள். அதே வினை அப்போஸ்தலர் 27:15-இல் பவுல் ஏறின கப்பலுக்கு வருகிறது: "காற்றின் போக்கிலே கொண்டுபோகப்பட்டோம்". இரண்டு வசனத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்; நீண்ட விளக்கத்தைவிட இது மனதில் நிற்கும். ஆனால் கப்பல் உவமையை அளவுக்கு மேல் இழுக்க வேண்டாம். கப்பலுக்குச் சிந்தனை இல்லை. பேதுரு சொல்லும் மனுஷரோ "பேசினார்கள்".

கூட்டம் முடிவதற்குள் ஒரு நேர்மையான கேள்வியை நீங்களே எழுப்புங்கள். தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்த "பரிசுத்த வேத எழுத்துக்கள்" பழைய ஏற்பாடு. அப்படியானால் புதிய ஏற்பாட்டுக்கு இந்த வசனம் எப்படிப் பொருந்தும்? மூன்று இடங்களைக் காட்டுங்கள். 1 தீமோத்தேயு 5:18, உபாகமம் 25:4-ஐயும் லூக்கா 10:7-இல் உள்ள இயேசுவின் வார்த்தையையும் சேர்த்து "வேதவாக்கியம் சொல்லுகிறதே" என்கிறது. 2 பேதுரு 3:15-16 பவுலின் நிருபங்களை "மற்ற வேதவாக்கியங்களோடு" வைக்கிறது. 1 கொரிந்தியர் 14:37-இல் தாம் எழுதுகிறவை கர்த்தருடைய கற்பனைகள் என்று பவுலே சொல்கிறார். இந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பாவிட்டால், வெளியே வேறு யாராவது எழுப்புவார்கள்.

மூன்றாம் வாரம்: வட்டத்துக்குள் சுற்றாமல் பேசுதல்

"வேதம் தேவவசனம், ஏனென்றால் வேதம் அப்படிச் சொல்கிறது." இந்த வாதம் சபைக்குள் செல்லும், வெளியே செல்லாது. இப்படி மாற்றிக் கட்டுங்கள். முதலில் சுவிசேஷங்களை நம்பத்தகுந்த சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; ஏவுதலை இன்னும் உள்ளே கொண்டுவர வேண்டாம். அவை காட்டும் இயேசு யார்? அவர் உயிர்த்தெழுந்தார் என்றால், வேதத்தைப் பற்றி அவர் சொன்னது நம்மைக் கட்டுப்படுத்தும்.

அவர் சொன்னதில் மிகவும் கூர்மையானது மத்தேயு 19:4-5. பலர் இதைக் கவனிப்பதில்லை. "புருஷனானவன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு" என்ற வசனம் ஆதியாகமம் 2:24-இல் தேவன் பேசினதாக இல்லை. கதை சொல்கிறவரின் வாக்கியம். இயேசுவோ ஆதியிலே மனுஷரை உண்டாக்கினவர் அதைச் சொன்னதாகப் பேசுகிறார். எழுதினவர் சொன்னதைத் தேவன் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். வகுப்பில் ஆதியாகமத்தை முதலில் வாசித்து, "இங்கே பேசுகிறது யார்?" என்று கேட்டுவிட்டு, பிறகு மத்தேயுவைத் திறங்கள். வரிசையை மாற்றினால் அந்த வியப்பு போய்விடும். இதோடு மத்தேயு 22:43-ஐயும் யோவான் 10:35-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வாதம் நியாயத்தைக் காட்டும், விசுவாசத்தை உண்டாக்காது. அந்த நிச்சயம் ஆவியானவரின் உள்ளான சாட்சியால் வருகிறது என்று சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வற்புறுத்தினார். இதையும் சொல்லுங்கள்; வாதத்தில் தோற்ற நாளில் விசுவாசமே தோற்றதாக வாலிபர்கள் நினைக்காதிருக்க இது உதவும்.

எந்தப் புத்தகங்கள் என்ற கேள்விக்குப் பத்து நிமிடம் மட்டும். இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களையும் அப்படியே பட்டியலிட்டவர் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு, 367-ஆம் ஆண்டு தம் பஸ்கா நிருபத்தில். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகம், கத்தோலிக்கருக்கு 73. கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் 1546-இல் அந்த 73-ஐ உறுதிப்படுத்தியது. சபை ஒன்றுகூடி அதிகாரத்தைக் கொடுத்ததா, ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை அறிந்து ஒப்புக்கொண்டதா என்பதில்தான் விவாதம். உங்கள் சபை எதை நம்புகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

நான்காம் வாரம்: கடினமான இடங்களும் கீழ்ப்படிதலும்

முரண்பாடே இல்லை என்று அடித்துச் சொல்லி அனுப்பினால், 2 நாளாகமம் 22:2-ஐக் காட்டும் முதல் ஆளிடம் உங்கள் மாணவர் தோற்பார். ஆகவே நீங்களே காட்டுங்கள். 2 இராஜாக்கள் 8:26-இல் அகசியா ராஜாவாகிறபோது வயது 22. நாளாகமத்தில் 42. அவன் தகப்பன் யோராமோ 32 வயதில் ஆளத் தொடங்கி எட்டு வருஷம் ஆண்டு இறந்தான் (2 நாளாகமம் 21:20). நாற்பது வயதில் இறந்தவனுக்கு 42 வயது மகன் இருக்க முடியாது. கணக்கை வகுப்பே பலகையில் போடட்டும். 42 என்பது கையால் படியெடுத்த ஒருவரின் பிழை என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு. பழைய சீரியாக் மொழிபெயர்ப்பில் 22 என்றே இருக்கிறது. ஏவுதல் எழுதப்பட்ட மூலத்துக்கு உரியது, படியெடுத்த ஒவ்வொரு கைக்கும் அல்ல என்ற வேறுபாடு இங்கே கண்முன் நிற்கும். வேதத்தின் தவறாமை பற்றி சுவிசேஷ சபைத் தலைவர்கள் வெளியிட்ட 1978-ஆம் ஆண்டு சிகாகோ அறிக்கையும் இந்த வேறுபாட்டையே சொல்கிறது.

1 யோவான் 5:7-ஐயும் விட்டுவிடக் கூடாது. "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழைய மொழிபெயர்ப்பில் உண்டு, திருவிவிலியத்தில் அந்த இடத்தில் இல்லை. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வதந்தி பரவும். பழமையான கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் இராஸ்முஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்கவில்லை, 1522-இல்தான் சேர்த்தார். திரித்துவம் இந்த ஒரு வரியில் தொங்கவில்லை என்று மத்தேயு 28:19-ஐக் காட்டுங்கள்.

வேதத்தில் பதிவான எல்லாமே தேவனுடைய போதனை அல்ல என்பதும் இங்கே வரவேண்டும். யோபுவின் நண்பர்கள் பல அதிகாரங்கள் பேசுகிறார்கள். தேவன் அவர்களிடம் "நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார் (யோபு 42:7). மத்தேயு 4:6-இல் பிசாசுகூட சங்கீதம் 91-ஐ எடுத்துக் காட்டுகிறான். ஒரு வரியைப் பிடுங்கிச் சுவரில் மாட்டுவதற்கு முன் யார், யாரிடம், ஏன் சொன்னது என்று பார்க்க வேண்டும். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைக்கும் இது பொருந்தும். எரேமியா 29:11 கையில் வந்தால் 29:10-ஐயும் வாசிக்கப் பழக்குங்கள்: அந்த வாக்குத்தத்தத்துக்கு முன் பாபிலோனில் எழுபது வருஷம் இருக்கிறது.

தவிர்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. தேவன் பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார் என்னும் யோபு 26:7-ஐ வைத்து, வேதம் விஞ்ஞானத்தை முன்னறிவித்தது என்று வாதாடாதீர்கள். அடுத்த கேள்வி 26:11-இன் "வானத்தின் தூண்கள்" பற்றி வரும். ஏவுதல் பாடத்தில் மற்ற மதநூல்களைக் குறை சொல்லி நேரம் கழிப்பதும் வேண்டாம்.

கடைசி இருபது நிமிடத்தை எரேமியா 36:20-32-க்கு ஒதுக்கி, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். யூதாவின் ராஜா யோயாக்கீம், எரேமியாவின் வார்த்தைகள் எழுதின சுருளின் மூன்று நாலு பத்திகள் வாசிக்கப்பட்டதும் சூரிக்கத்தியால் அறுத்து, கணப்பு அடுப்பில் போடுகிறான். சுருள் முழுதும் எரிகிறது. பிறகு பாருக்கு அதையெல்லாம் மறுபடி எழுதுகிறான், இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்படுகின்றன. வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வேதத்தில் தாங்கள் வாசிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பகுதியை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், தாளைத் திரும்ப வாங்கவும் வேண்டாம். அதை அவரவர் வேதாகமத்தில் அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.