முதுகுக்குப் பின்னால் ஒரு விளக்கு

ஈரோட்டில் என் தங்கை வீட்டிலிருந்தே பவானி ஜமக்காளம் விற்கிறாள். அவள் எடுத்த வீடியோவில் தலைமுடி பின்சுவரின் இருட்டோடு கலந்து, படம் புள்ளிபுள்ளியாக இருந்தது. "புது போன் வாங்கட்டுமா அண்ணா?" என்றாள். "வேண்டாம் கண்ணு" என்று மேசை விளக்கை எடுத்தேன்.

நாற்காலியைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் இழுத்தோம். அதன் பின்னே தரையில், சுவரைப் பார்த்தபடி 9 வாட் மஞ்சள் எல்இடி பல்பு. அவ்வளவுதான்! சுவரில் இளவெளிச்சம் படர்ந்தது. காதோரத்து முடியிழைகள்கூடத் தனித்துத் தெரிந்தன.

பல்பு மட்டும் கேமராவின் கண்ணில் படவே கூடாது. பட்டால் போன் தானாக ஒளியைக் குறைத்து, முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்துக்கு எதிரே ஜன்னல் வெளிச்சம் போதும். இரவில் வெள்ளை பல்பு. துணி விற்பவர்கள் முன்பக்கம் மஞ்சள் விளக்கு வைக்காதீர்கள், சாயத்தின் நிறமே மாறித் தெரியும்.

விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவதால் படத்தில் கோடுகள் ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) என்பதால், போன் கேமராவின் புரோ (Pro) அமைப்பில் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.