ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்

பாக்கெட் கேமராவை ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டு போகும் முன், உள்ளே இருக்கும்போதே ஒரு ஜிப் லாக் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிடுங்கள். வெளியே வந்து இருபது, முப்பது நிமிடம் கழித்துத் திறந்தால் போதும்.

24 டிகிரியில் குளிர்ந்து கிடந்த கேமரா மெரினா காற்றில் பட்டதும், குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல லென்ஸும் வியர்த்துவிடும். கவருக்குள் இருந்தால் அந்த ஈரம் கவர் மேலேயே படிந்துவிடும், அதற்குள் கேமராவும் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். பாக்கெட் கேமராவுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஆன் செய்ததும் லென்ஸ் வெளியே நீளும்போது ஈரக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், உள்கண்ணாடியில் படிந்தால் துடைக்கவும் முடியாது (சட்டை நுனியால் துடைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்).

ஃபேன் மட்டும் ஓடுகிற வீட்டில் இது தேவையில்லை, மார்கழிக் காலையிலும் அவ்வளவாகத் தேவைப்படாது. ஏற்கெனவே மழையில் நனைந்த கேமராவைக் கவரில் போட்டு மூடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே தங்கிவிடும்.